சாங்கி ஏரியில் ஆரத்தி, சந்துகளில் காலிக்குடம்

2025 மார்ச் 21, உலகத் தண்ணீர் நாளுக்கு முந்தைய மாலை. பெங்களூருவின் மல்லேஸ்வரத்துக்கும் சதாசிவநகருக்கும் நடுவே, மரங்கள் சூழ்ந்த சாங்கி ஏரிக்கரைப் பூங்காவுக்கு வெயில் தணிந்ததும் நடக்க வருவோர் அன்று கண்டது வழக்கமான காட்சி அல்ல. குழாய் பதிக்கவும் கழிவுநீர் அடைப்பை நீக்கவும் சட்டத்தின் வழியே நிறுவப்பட்ட பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் அங்கே ஆரத்தி எடுத்தது. நகர வளர்ச்சி, நீர்வளம் ஆகிய இரு துறைகளையும் அப்போது கையில் வைத்திருந்த துணை முதல்வர் டி.கே. சிவக்குமார் முன்னிற்க, காசியின் கங்கைக்கரைச் சடங்கு கன்னட மண்ணில் ‘காவிரி ஆரத்தி’ என்னும் பெயரில் அரங்கேறியது. இதற்கு எதிராக உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுக்கப்பட்டது. விழாவோ குறித்த நாளில் நடந்தேறியது.

சடங்கின் பெயரிலேயே ஒரு விந்தை உண்டு. சாங்கி, மழைநீரை ஏந்துவதற்காகக் கட்டப்பட்ட ஏரி. காவிரியோ பெங்களூருவுக்குள் ஆறாக ஓடுவதில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மாபெரும் மின்செலவில், கட்டம் கட்டமாக மேலேற்றப்பட்டுக் குழாய்களில் வருகிறது. அந்தக் குழாய் எந்தத் தெருவரை வந்திருக்கிறது, எந்தத் தெருவில் நின்றுவிட்டது என்பதே இந்நகரின் காவிரிக் கேள்வி. அக்கேள்விக்கு விடையளிக்கக் கடமைப்பட்ட வாரியம் தீபத்தட்டை ஏந்திக்கொண்டது.

இந்த ஏரி ஏன் வெட்டப்பட்டது என்பதை அறிந்தால் அந்த மாலையின் பொருள் இன்னும் துலங்கும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் மைசூர் அரசின் ஏறத்தாழ 50 லட்சம் மக்களில் சுமார் 10 லட்சம் பேரைக் கொண்டுபோயிற்று. மதராஸ் மாகாணத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். அதே 1877 சனவரி முதல் நாளில், விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க லிட்டன் பிரபு தில்லியில் தர்பார் கூட்டினார்; விருந்து பல நாள் நடந்தது. ஊர் பசித்திருக்க ஆள்வோர் ஒளிவிழா நடத்துவது புதிய பழக்கமன்று.

பஞ்சத்தின் அச்சம் அடங்காத நிலையில், 1882இல், பெங்களூருவின் நீர்த்தேவைக்காக இந்த ஏரி அமைந்தது. ராணுவப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கியின் பெயரைப் பெற்றது. இதன் பரப்பு ஏறத்தாழ 37 ஏக்கர். அரசின் சந்தனக்கிடங்கு அருகில் இருந்ததால் கன்னடத்தில் கந்தத கோட்டி ஏரி என்றும் மக்கள் அழைத்தனர். மில்லர் ஏரி, தர்மாம்புதி ஏரி ஆகியவற்றோடு இணைந்த தொடரின் ஒரு கண்ணி இது. காலனியாட்சியின் கருணை என்று இதைக் கொண்டாட வேண்டியதில்லை. மண் சுமந்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் பெரும்பஞ்சத்தைக் கண்ணால் கண்ட அந்த ஆட்சிகூட அதற்கு மறுமொழியாக ஓர் ஏரியைக் கட்டியது.

தொடரின் மற்றக் கண்ணிகள் எங்கே போயின? தர்மாம்புதி இருந்த இடத்தில் இன்று கெம்பேகவுடா பேருந்து நிலையம் நிற்கிறது. தமிழகத்திலிருந்து வேலை தேடி வருவோர் பலர் முதலில் கால் வைப்பது ஒரு மறைந்த ஏரியின் மடியில்தான். மில்லர் ஏரி கட்டடங்களாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. மிஞ்சியது ஒரு சிறு குளம். ஏரியைத் தூர்த்தவர்கள் குடிசைவாசிகள் என்றொரு கதை நகரின் மேட்டுக்குடி வரவேற்பறைகளில் இடைவிடாமல் சொல்லப்படுகிறது. பேருந்து நிலையத்தையும் விளையாட்டரங்கையும் குடிசைவாசிகளா கட்டினார்கள்?

1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது, 1930களில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம், 1970களில் காவிரி. ஒவ்வொரு புதிய குழாயும் வந்தபோது அருகிலிருந்த ஏரி ஒன்று தேவையற்றதாக அறிவிக்கப்பட்டது. சாங்கி தப்பியது. நீராதாரமாகத் தப்பவில்லை, நடைபாதையும் படகுத்துறையும் கொண்ட பூங்காவாகத் தப்பியது.

அந்தப் பூங்காவின் கோடை மாலை அழகானது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஏப்ரல் வெயிலில் நாளெல்லாம் காய்ந்த நகரத்தில் நீர்ப்பரப்பின் மேல் வரும் காற்று யாருக்கும் ஆறுதலே. முதியோர் மெல்ல நடப்பர். குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீர்க்காகம் முக்குளிப்பதைப் பார்ப்பர். சில கிலோமீட்டர் அப்பால் ஸ்ரீராமபுரம். ஆலைத் தொழிலாளராக வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. அவர்களின் முன்னோர் நூல் நூற்ற மல்லேஸ்வரம் ராஜா மில்லின் நிலத்தில் இன்று மந்திரி மால் எழுந்து நிற்கிறது. அந்தச் சந்துகளின் ஒற்றையறை வீட்டுக்கு இத்தகைய நீர்க்கரை ஒரு கூடம், ஒரு முற்றம், ஒரு படிப்பறை. குளிரூட்டி இல்லாதவனுக்கே பூங்கா தேவை. பொதுப் பூங்கா என்பது உழைப்பாளியின் கூலியில் சேராத கூலி; அதைப் பறிப்பதும் கூலிவெட்டே.

ஆனால் யாருடைய தேவையை நினைத்து இந்நகரின் பூங்காக்கள் நடத்தப்படுகின்றன? பல ஆண்டுகளாக மாநகராட்சிப் பூங்காக்கள் காலை 10 மணிக்குப் பூட்டப்பட்டுப் பிற்பகல் 1.30 மணிக்கே திறக்கப்பட்டன. கொளுத்தும் நண்பகலில் நிழல் தேவைப்படுவது யாருக்கு? காலை நடை முடித்து வீடு திரும்பியவருக்கா, விடியலிலிருந்து தெருப்பெருக்கிய துப்புரவுத் தொழிலாளிக்கும் உணவு சுமந்து இருசக்கர வண்டியில் அலையும் இளைஞனுக்குமா? 2024இல்தான் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. 2023இல் கப்பன் பூங்காவில் உணவுப் பொட்டலம் பிரிப்பதற்கும் இணையர் நெருங்கி அமர்வதற்கும் தடை வந்தது. ‘ஒழுங்கு’ என்று பலகையில் எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் ஏழைக்கும் இளையோருக்கும் எதிரான ஒழுங்கே.

கூடுவதற்கான உரிமையின் கதை இதைவிட மோசம். பெங்களூருவில் போராட்டம் எதுவாயினும், பழைய மத்தியச் சிறை இருந்த ஃப்ரீடம் பார்க்குக்குள் மட்டுமே நடத்தலாம் என்று 2021இல் ஆணை பிறந்தது. 2025 சனவரியில், வாக்களித்த ஊதியத்தைக் கேட்டு வந்த ஆயிரக்கணக்கான ஆஷா பெண் ஊழியர்கள் பனிவிழும் இரவுகளை அந்தச் சுற்றுச்சுவருக்குள்தான் கழித்தனர். 2023 பிப்ரவரியில், சாங்கிக் கரையை ஒட்டிய மேம்பாலத் திட்டத்தை எதிர்த்து அதே ஏரிக்கரையில் அமைதியாக நடந்த மக்கள் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. அன்று ஆட்சியில் பாஜக. ஈராண்டு கழிந்து அதே கரையில் அரசே மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, கூட்டம் சேர்த்தது. இன்று ஆட்சியில் காங்கிரஸ். மரத்துக்காக நடந்தால் சட்டம் ஒழுங்குச் சிக்கல். தீபத்துக்காகக் கூடினால் பண்பாடு. இந்த அளவுகோலில் இரு கட்சிகளுக்கும் வேறுபாடு காண்பது கடினம்.

ஆரத்தி தனியொரு நிகழ்வுமன்று. 2024லேயே காசியிலும் ஹரித்வாரிலும் நடப்பதை ஆராய்ந்துவரக் குழு அமைப்பதாகத் துணை முதல்வர் அறிவித்திருந்தார். கிருஷ்ணராஜ சாகர் அணையில் இதே சடங்கை நிலையாக நடத்த 92 கோடி ரூபாய்க்கும் மேலான திட்டம் தீட்டப்பட்டது. கால்வாயின் கடைமடைக்கு நீர் எட்டவில்லை என்று முறையிட்டுவந்த மண்டியா விவசாயிகள் அதை எதிர்த்தனர். 2025 பிப்ரவரி மகா சிவராத்திரியன்று கோவை ஈஷா மையத்தில், உள்துறை அமைச்சர் அமித் ஷா சிறப்பு விருந்தினராக வந்த இரவில், கர்நாடகத் துணை முதல்வரும் அமர்ந்திருந்ததைத் தமிழக வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மதச்சார்பின்மையை மேடையில் முழங்கிவிட்டு, பாஜகவின் சரக்கைத் தன் கடையில் வேறு பொட்டலத்தில் விற்கலாம் என்பது காங்கிரஸின் பழைய கணக்கு. அச்சரக்கை வாங்க விரும்புவோர் மொத்த வணிகரிடமே போவார்கள் என்பதைப் பல மாநிலத் தேர்தல்கள் அதற்குக் காட்டிய பின்னும் கணக்கு மாறவில்லை.

‘நம்பிக்கையில் கைவைத்தால் மக்களிடமிருந்து தனிமைப்படுவோம், இது சிறு செய்தி, விட்டுவிடலாம்’ என்று கூறும் தோழர்களும் உண்டு. அவர்களோடு வாதிட வேண்டியுள்ளது. ஆடிப் பதினெட்டில் திருச்சியிலும் மேட்டூரிலும் காவிரிக்குக் காப்பரிசி படைத்து மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும் பெண்ணை எந்தக் கம்யூனிஸ்டும் எள்ளி நகையாடியதில்லை. நகையாடினால் அது தவறு. அவள் சடங்கில் விதைப்பின் எதிர்பார்ப்பு இருக்கிறது, அண்டை வீட்டாருடன் பகிர்ந்துண்ணும் சோறு இருக்கிறது. அதற்கு ஒப்பந்தப்புள்ளி இல்லை, அமைச்சர் இல்லை. தமிழில் ஆரத்தி, பழஞ்சொல்லில் ஆலத்தி, என்பதே மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவந்த நீர்த்தட்டு. மணமக்களுக்கும் பிள்ளை பெற்று வீடு திரும்பும் மகளுக்கும் கண்ணேறு கழியச் சுற்றி, வாசலில் ஊற்றிவிடுவது. மனிதருக்கு எடுத்த ஆரத்தி அது. சாங்கிக் கரையில் எடுக்கப்பட்டதோ அரசு தனக்குத்தானே எடுத்துக்கொண்டது. மக்களின் நம்பிக்கையும் அரசின் காட்சிவிழாவும் வேறுவேறு என்பதை மக்களுக்கு விளக்க முடியாமல் போனால்தான் நாம் தனிமைப்படுவோம்.

விளக்குவதற்கு வாரியமே ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டது. தீபம் அணைந்து மூன்று வாரம் முடிவதற்குள், 2025 ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், 11 ஆண்டுகளுக்குப் பின் குடிநீர்க் கட்டணம் உயர்த்தப்பட்டது. மாதம் 8,000 லிட்டர் வரை லிட்டருக்கு 0.15 பைசா, 8,001 முதல் 25,000 லிட்டர் வரை 0.40 பைசா, அதற்கு மேல் 50,000 வரை 0.80 பைசா, அதையும் தாண்டினால் ஒரு பைசா. பைசாவின் பின்னங்கள் என்பதால் எவருக்கும் உறைக்காது என்று எண்ணினார்கள் போலும். பழைய கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். ஆயிரம் லிட்டருக்கு 7, 11, 26, 45 ரூபாய் என்று இருந்தவை முறையே 1.50, 4, 8, 10 ரூபாய் ஏறின. அதாவது கடைசிப் படியில், நீச்சல்குளமும் புல்வெளியும் உள்ள மாளிகைக்கு உயர்வு சுமார் 22 விழுக்காடு. கூட்டுக்குடும்பமாய் ஒரே இணைப்பில் வாழும் உழைப்பாளி வீடு விழும் இரண்டாம் படியில் உயர்வு சுமார் 36 விழுக்காடு. இனி ஆண்டுதோறும் 3 விழுக்காடு தானாக ஏறும் என்ற ஏற்பாடும் கூடவே வந்தது. அடுத்த உயர்வுக்கு எவரும் விவாதிக்க வேண்டியதில்லை.

குழாயே இல்லாதவர் நிலை இதற்கும் கீழே. 2024 கோடையில் நகரின் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டன என்று அரசே ஒப்புக்கொண்டது. அப்போது மாவட்ட நிர்வாகம் விதித்த உச்சவரம்பு, 6,000 லிட்டர் லாரித் தண்ணீருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 600 ரூபாய். லிட்டருக்கு 10 பைசா. அதே நாளில் குழாய்நீரின் முதற்படிக் கட்டணம் லிட்டருக்கு 0.7 பைசா. இணைப்புப் பெற்றவரைவிடப் பெறாதவர் 14 மடங்கு கொடுத்தார். அதுவும் லாரிக்காரர் வரம்பை மதித்திருந்தால். தேவநாயகிக்குத் தீபம் காட்டப்பட்ட தண்ணீர், சந்தையில் லாரி நீராகி விலைப்பட்டியலோடு வந்து நிற்பதைத்தான் முதலாளித்துவம் என்கிறோம்.

2007இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் காவிரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஜப்பானிய முகமையின் கடனில் கட்டப்பட்டது அது. 17 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின்னும் வீட்டுக்கு நீர் வர இணைப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். வாடகைக் குடியிருப்பில் அதைச் செலுத்துவது வீட்டுக்காரரா, குடியிருப்பவரா என்ற சண்டையில் குழாய் வாசலோடு நிற்கிறது.

தமிழ் வாசகர்கள் இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காவிரியைத் தாயாக்கிப் பூசிக்கும் அரசியல் பெங்களூருவில் ஏற்கெனவே இரத்தம் பார்த்தது. 1991 டிசம்பரில், நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி, தமிழ்த் தொழிலாளரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். 2016 செப்டம்பர் 12 அன்று தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் நிறுத்தப்பட்ட இடத்திலேயே கொளுத்தப்பட்டன. சாங்கியைப் போலவே நகரின் மற்றொரு பெரிய நீர்க்கரையான அல்சூர் ஏரியருகே 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, 18 ஆண்டுகள் சாக்குத்துணிக்குள் நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான், சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலைக்கு இடம் ஒதுங்கிய பின், திரை விலகியது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக, அறத்துக்கும் முன்பாக, மழைக்கு அதிகாரம் வகுத்த புலவன் ஏரிக்கரையில் முகம் மூடி நின்றான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதைச் சொல்வது கன்னடர்மீது பழிபோட அல்ல. கர்நாடக ஏழையின் குடத்திலும் காவிரி இல்லை. எந்த மாநிலமும் ஆற்றுக்கு உடைமை கொண்டாட முடியாது என்று 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்சநீதிமன்றம் கூறியது. தமிழகத்தின் பங்கை 177.25 டிஎம்சியாகக் குறைத்து, கர்நாடகத்துக்கு 14.75 டிஎம்சி கூட்டியபோது அதில் 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீருக்கென்று குறித்தது. தஞ்சை உழவனிடமிருந்து குறைக்கப்பட்ட அந்த நீர் மகாதேவபுரத்துச் சந்திலுள்ள கட்டடத் தொழிலாளியின் வீட்டுக்குப் போகிறதா, பல அடுக்குக் குடியிருப்பின் நீரூற்றுக்குப் போகிறதா என்று கேட்கும் உரிமை இரு மாநில உழைக்கும் மக்களுக்கும் பொது. காவிரி தெய்வமாக்கப்பட்டால் இக்கேள்வி தெய்வநிந்தையாகிவிடும். ஆரத்தியின் அரசியல் பயன் இதுதான்.

சாங்கிக் கரையில் ஆரத்தியை எதிர்த்த குடியிருப்போர் சங்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரிச் சூழல் கெடும், பறவை அஞ்சும், பொதுப்பணம் வீணாகும் என்று அவர்கள் எழுப்பிய குரல் நியாயமானது, ஆதரிக்கத்தக்கது. ஆனால் பூங்கா வாசலில் தள்ளுவண்டி நிற்கக் கூடாது என்று மனு எழுதும் கையும் பலவேளை அதே கைதான். கட்சி அவர்களோடு நடக்கலாம். அவர்கள் பின்னால் நடக்க வேண்டியதில்லை. ஏரியைக் காப்பது என்றால் வேலியை உயர்த்துவது என்று பொருள்கொள்ளும் சூழலியல் கடைசியில் கட்டுமான முதலாளிக்கே பயன்படும்.

அந்த முதலாளிக்கு இதற்குள் வேறொரு வாசலும் திறந்தாயிற்று. 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெங்களூரு ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் கட்டடமற்ற இடைவெளி வேண்டும் என்றது; கட்டுமான நிறுவனங்கள் வழக்காடின; 2019 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதை நீக்கியது. எஞ்சிய பாதுகாப்பு 30 மீட்டர். 2025 ஆகஸ்டில் கர்நாடகச் சட்டமன்றம் ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தில் திருத்த மசோதா நிறைவேற்றியது: எல்லா ஏரிக்கும் ஒரே 30 மீட்டர் என்பது போய், ஏரி சிறிதாகச் சிறிதாக இடைவெளியும் குறையும். மார்ச் மாதம் நீரைத் தாயென்று வணங்கிய அதே ஆட்சி, ஆகஸ்டில் தாயின் மடியை அளந்து மனைபோட வழி செய்தது. சிறு ஏரிகளே நகரின் விளிம்பில், குழாய் எட்டாத கிராமங்களில் அதிகம். அவை நிரம்பினால்தான் அங்கே கிணறு ஊறும்.

இந்தக் கோடைக்குள் பெங்களூருவின் தமிழ்ப் பகுதிக் கிளைகள் வீடுவீடாக எடுத்துச் செல்ல வேண்டியது ஆரத்தி பற்றிய ஏளனத்தை அல்ல, கட்டணச் சீட்டின் இந்தக் கணக்கை. தொழிலாளர் குடியிருப்புகளுக்கு முதல் 8,000 லிட்டர் இலவசம், 110 கிராமங்களின் குறைவருவாய் வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத் தள்ளுபடி, ஆண்டுக்கு 3 விழுக்காடு தானியங்கி உயர்வு இரத்து, 30 மீட்டர் இடைவெளியில் கைவைக்காமை. துண்டறிக்கை தமிழில் மட்டும் போதாது. கன்னடம், தெலுங்கு, உருது மூன்றிலும் ஒரே நாளில் வர வேண்டும், ஏனெனில் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜிநகரிலும் ஒரே குழாயடியில் அந்த நான்கு மொழிகளும் வரிசையில் நிற்கின்றன.